ஒரு கொன்சேர்ட்டோ, நான்கு ஒலிப்பதிவுகள்

பீத்தோவன் முழுமையாக எழுதி முடித்த வயலின் கொன்சேர்ட்டோ ஒன்றுதான். 1806ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் திகதி வியன்னாவில் ஃபிரான்ஸ் கிளெமென்ற் என்பவர் அதை முதன்முதலில் வாசித்தார். அதன்பின் ஏறத்தாழ நாற்பது வருடங்கள் அதை அதிகம் பேர் தொடவில்லை. 1844 மே மாதம் லண்டனில் மெண்டல்சோன் வாத்தியக் குழுவை நடத்த, பன்னிரண்டு வயதுப் பையனான யோசப் யோவாகிம் வாசித்த பிறகே அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. இன்று அதன் ஒலிப்பதிவுகளை எண்ணி முடிக்க முடியாது. எதைக் கேட்பது என்று வழிகாட்டுபவர்கள் வழமையாக ஹைஃபெட்ஸ் 1940இல் டொஸ்கனினியுடன் வாசித்ததையும், ஒயிஸ்ட்ராக் 1958இல் பாரிசில் குளூயித்தான்ஸுடன் வாசித்ததையும் முதலில் சொல்வார்கள். இரண்டிலும் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் இங்கே எழுதப்போவது வேறு நான்கைப் பற்றி. 1934இல் வியன்னாவில் ஹூபர்மன் வாசித்தது, 1942இல் நியூயோர்க்கில் அடொல்ஃப் புஷ் வாசித்தது, 1944இல் பேர்லினில் எரிக் ரோன் வாசித்தது, 1947இல் சுவிற்சர்லாந்தின் லூசேர்ன் நகரில் மெனுஹின் வாசித்தது. பதின்மூன்று வருடங்களுக்குள் அடங்கும் இந்த நான்கும் ஒன்றோடொன்று வழக்காடுகின்றன. அந்த வழக்குக்குள் நானும் இரண்டு வருடமாக அகப்பட்டிருக்கிறேன்.

ஈஸ்ட் டாமாக்கியில் நான் வேலை செய்யும் உணவகத்தின் சமையலறையில் ஒரு பழைய வானொலி இருக்கிறது. வாடிக்கையாளர் போய், கதவு பூட்டி, பெரிய சட்டிகள் கழுவுகிற நேரம் அதை 92.6இல் வைப்பேன். அது இங்குள்ள ஆர்என்இசட் கொன்சேர்ட் அலைவரிசை. (2020 பெப்ரவரியில் இந்த அலைவரிசையைப் பறித்து இளைஞர்களுக்கான ஒன்றுக்குக் கொடுக்கப்போவதாக நிர்வாகம் அறிவித்தபோது இந்த நாடு கிளம்பிய விதத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். திட்டம் கைவிடப்பட்டது.) பீத்தோவனின் இந்தக் கொன்சேர்ட்டோவை நான் முதலில் கேட்டது அதில்தான். பிறகு நூலகத்தில் எடுத்த இறுவட்டுகளும் இணையத்தில் கிடைத்தவையுமாக ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

கர்நாடக சங்கீதத்தோடு வளர்ந்த எம்மவருக்கு இந்த வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுக்கு வயலின் பெரும்பாலும் பக்கவாத்தியம், பாடுபவரின் நிழல். கொன்சேர்ட்டோவில் அது எழுந்து நின்று ஒரு பெரும் கூட்டத்துக்கு முன்னால் தனியாகப் பேசுகிறது. கூட்டம் சில இடத்தில் ஒத்துப்போகும், சில இடத்தில் அமுக்கும், சில இடத்தில் வாய்மூடிக் கேட்கும். எங்கள் ஊரில் சிறுவயதில் எனக்கு வயலின் சொல்லித்தந்த மாஸ்டர் இதைக் கச்சேரி என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார். எழுதிவைத்ததை வாசிப்பதில் என்ன கெட்டித்தனம் என்பார். ஆனால் அவரே வி. லட்சுமிநாராயணாவின் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். அவருடைய பிள்ளைகள் எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் மூவரும் யாழ்ப்பாணத்தில்தான் வயலின் பிடித்து வளர்ந்தார்கள். 1958 இனக்கலவரத்தோடு அந்தக் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. அந்தச் சுப்பிரமணியம்தான் பின்னாளில் வயலினுக்கும் மேற்கத்தைய வாத்தியக் குழுவுக்குமாக எழுதி, 1985இல் சுபின் மேத்தா நடத்திய நியூயோர்க் பில்ஹார்மோனிக்குடன் வாசித்தவர். யாழ்ப்பாணத்து வயலினின் சரித்திரத்திலும் துரத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கொன்சேர்ட்டோ டிம்பனி என்ற முரசில் தொடங்குகிறது. மெதுவாக, ஒரே சுரத்தில், நான்கு அடி. ஐந்தாவது அடியில் மரக்குழல்கள் வந்து சேருகின்றன. பத்தாவது அளவில், வயலின்கள் அதே அடியைத் தாம் எடுத்துச் சொல்லும்போது டி ஷார்ப் என்ற சுரத்தில் சொல்கின்றன. அந்தச் சுரம் அந்த இசையைச் சேர்ந்ததல்ல. எங்கள் மொழியில் சொல்வதென்றால், சங்கராபரணத்தில் சுகமாகப் போய்க்கொண்டிருக்கையில் திடீரென்று சுத்த ரிஷபம் வந்து வாசலில் நிற்கிற மாதிரி. அதற்கு அந்த இடத்தில் ஒரு விளக்கமும் கிடையாது. இந்தச் சுரத்தை ஒரு நடத்துனர் எப்படிக் கையாள்கிறார் என்பதை வைத்தே அவரைப் பற்றி நான் பாதி முடிவு செய்துவிடுவேன்.

தனி வயலின் வருவதற்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அது வந்து ஏணி ஏறுவதுபோல் ஏறும். முதலாம் பகுதியின் நடுவில் ஓரிடம் இருக்கிறது. சட்ஜத்தையே நகர்த்திவிட்டு ஏறக்குறைய ஒரு கீரவாணிக்குள் போய், வயலின் அதுவரை சொல்லாத ஒரு துயரத்தைச் சொல்லும். கீழே கொம்புகளும் பாசூன்களும் அந்த முரசடியை மிக மெதுவாக அடித்துக்கொண்டேயிருக்கும். அது முடிந்து, ஆரம்பத்தில் மெதுவாகக் கேட்ட முரசடி முழு வாத்தியக் குழுவின் பலத்தோடும் திரும்பி வரும். இரண்டாம் பகுதி லார்கெட்டோ. நாண்வாத்தியங்கள் குரலடக்கி ஒரு சிறு பாட்டைச் சொல்ல, தனி வயலின் அதைச் சுற்றிக் கோலம் போடும். மூன்றாம் பகுதி குதித்தோடும் ரொண்டோ. நான்கு ஒலிப்பதிவுகளையும் நான் இந்த இடங்களில்தான் நிறுத்தி நிறுத்தி ஒப்பிட்டுக் கேட்டேன்.

ஹூபர்மன் போலந்தில் பிறந்த யூதர். 1896இல், பதின்மூன்று வயதில், பிராம்ஸின் கொன்சேர்ட்டோவை பிராம்ஸின் முன்னாலேயே வாசித்தவர். 1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்த பிறகு, பேர்லின் பில்ஹார்மோனிக்கின் நடத்துனர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர் அவரை ஜேர்மனிக்கு வந்து வாசிக்கும்படி அழைத்தார். ஹூபர்மன் மறுத்தார். மறுத்ததைப் பகிரங்கப்படுத்தினார். 1936இல், வேலையிழந்த யூத வாத்தியக்காரர்களைச் சேர்த்துப் பாலஸ்தீனத்தில் ஒரு குழுவை அமைத்தார். அதுதான் இன்றைய இஸ்ரேல் பில்ஹார்மோனிக். 1934 ஜூனில் வியன்னா பில்ஹார்மோனிக்கோடு, ஜோர்ஜ் ஸெல் நடத்த, இந்தக் கொன்சேர்ட்டோவைப் பதிவுசெய்தார்.

வாசிப்பு மிக வேகமானது, மெலிந்தது. அவருடைய தொனி அழகானதென்று சொல்லமாட்டேன். சில இடங்களில் வில் நாணைக் கீறுகிறது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் பழைய பாணி இன்றைய காதுக்குக் கொஞ்சம் விசித்திரம். எங்கள் காதுக்கு அவ்வளவு விசித்திரமில்லை. அந்த நடுப்பகுதித் துயரத்தில் அவர் நின்று அழுவதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நடந்துவிடுகிறார். லார்கெட்டோவில் அதிர்வே இல்லாத வெளிறிய ஒரு தொனியில் தொடங்குகிறார், நாலைந்து சுரங்கள் கடந்தபிறகுதான் அதில் இரத்தம் ஏறுகிறது. ரொண்டோ நான் கேட்டவற்றுள் மிகச் சிறந்தது. மற்றவர்கள் அதை வேட்டைக்காரன் பாட்டாக வாசிக்கிறார்கள். ஹூபர்மன் கிராமத்துத் திருவிழாவில் சின்னப் பகிடியும் சேட்டையுமாக வாசிக்கிறார். ஸெல்லின் முரசடி கறாரானது, டி ஷார்ப்பை அவர் ஒளிக்கவும் இல்லை, ஊதிப் பெருப்பிக்கவும் இல்லை.

அடொல்ஃப் புஷ்ஷின் கதை இன்னொரு விதம். அவர் யூதரல்ல. போகத் தேவையில்லாதவர். வெளியே இருந்து வாசித்துவிட்டு வந்து போகலாம் என்ற வசதியும் இருந்தவர், ஏனென்றால் 1927இலேயே சுவிற்சர்லாந்தில் குடியேறியிருந்தார். 1933 ஏப்ரலில் யூதர் கடைகள் பகிஷ்கரிக்கப்பட்டதோடு ஜேர்மனியில் தன் கச்சேரிகளை எல்லாம் நிறுத்திவிட்டார். அண்ணன் ஃபிரிற்ஸ் புஷ் அதே வருடம் ட்ரெஸ்டன் நகரின் இசை நாடக அரங்கிலிருந்து நாஜிகளால் வெளியேற்றப்பட்டவர். 1939இல் அடொல்ஃப் அமெரிக்காவுக்குப் போனார். 1940இல் மாரடைப்பு. 1942இல் நியூயோர்க்கில் அண்ணன் நடத்தத் தம்பி இதை வாசித்தார்.

கை தளர்ந்துவிட்டது என்பது உண்மை. மேல் சுரங்கள் சில சுருதியைத் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன. இதை முதலாவதாகக் கேட்பவருக்கு நான் சிபார்சு செய்யமாட்டேன். ஆனால் லார்கெட்டோவில் வயலினும் குழுவும் பேசிக்கொள்கிற விதம் இருக்கிறதே, அது இரண்டு சகோதரர்கள் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு குசினியில் இருந்து கதைக்கிற மாதிரி. ஒருவர் சொல்லி முடிக்கும் முன் மற்றவருக்கு விளங்கிவிடுகிறது. அலங்காரம் எதுவுமில்லை. பீத்தோவனைப் பெரிய மனிதராக்கிப் பீடத்தில் வைக்கிற வேலையும் இல்லை.

மூன்றாவதை நான் கேட்டது ஒரு விபத்து. இணையத்தில் யாரோ நடத்துனர் பெயர் ஒன்றும் போடாமல் ஏற்றியிருந்த லார்கெட்டோ மட்டும். வேலை முடிந்து வந்து படுக்கையில் கிடந்து கேட்டேன். முடிந்ததும் திரும்பப் போட்டேன். அப்படி ஓர் அமைதியை நான் எந்த இசைத்தட்டிலும் கேட்டதில்லை. வயலின்காரர் தன்னைக் காட்டிக்கொள்ளவே இல்லை. சுத்தமான, அடக்கமான தொனி. குழு மூச்சுவிடுவது கேட்கிறது. கேட்கிறவர்களின் இருமலும் கேட்கிறது. நான்கில் இதுதான் மேலானது என்று அன்றே தீர்மானித்துவிட்டேன். ஒரு கிழமை கழித்துத்தான் விபரம் தேடிப் பார்த்தேன். பேர்லின் பில்ஹார்மோனிக், ஃபுர்ட்வெங்லர், தனி வயலின் எரிக் ரோன், 1944 ஜனவரி 9 முதல் 12 வரை.

அதாவது, ஹூபர்மன் வரமாட்டேன் என்ற அதே குழு, அழைத்த அதே நடத்துனர். ரோன் அந்தக் குழுவின் முதல் வயலின்காரர்களில் ஒருவர். 1930 முதல் 1934 வரை அக்குழுவின் முதல் வயலினாக இருந்தவர் சிமோன் கோல்ட்பேர்க். யூதரென்பதால் வெளியேற வேண்டி வந்தவர். அவர் இருந்திருந்தால் இந்த வாசிப்பு அவருடையதாக இருந்திருக்குமோ என்ற கேள்வியை என்னால் தவிர்க்க முடியவில்லை. ஃபுர்ட்வெங்லர் நாஜிக் கட்சியில் சேரவில்லை. பல யூத வாத்தியக்காரர்களுக்கு உதவியவர். போருக்குப் பின் 1946 டிசம்பரில் நடந்த விசாரணையில் அதற்குச் சாட்சிகள் இருந்தன. அதே மனிதர் 1942 ஏப்ரலில் ஹிட்லரின் பிறந்தநாளுக்கு முந்திய நாள் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை நடத்தி, முடிவில் மேடையருகே வந்த கோயபல்ஸுக்குக் கை கொடுத்தார். அதன் படச்சுருள் இன்றும் இருக்கிறது.

1944 ஜனவரியில் பேர்லின்மேல் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. இந்தப் பதிவு நடந்து மூன்று கிழமை ஆகமுன், ஜனவரி 30ஆம் திகதி, அந்த மண்டபம் அழிந்தது. எனவே இதைக் கேட்பவர்கள் எல்லோரும் அந்த அமைதிக்குள் ஒரு முடிவின் முன்னறிவிப்பைக் கேட்பதாகச் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் விமர்சகன் முதலில் சில சில்லறை விஷயங்களைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஹூபர்மன் மெழுகுத் தட்டில் நான்கு நிமிடத்துக்கொரு தடவை நிறுத்தி நிறுத்திப் பதிந்தவர். ஜேர்மன் வானொலியிடமோ அப்போதே காந்த நாடா இருந்தது. கச்சேரி நிற்காமல் ஓடியபடியே பதிவாகியது. அந்த மூச்சின் நீளத்தில் ஒரு பங்கு ஃபுர்ட்வெங்லருடையது, ஒரு பங்கு யந்திரத்தினுடையது. அந்த யந்திரம் யாருடைய செலவில் யாருக்காக ஓடியது என்பதும் எல்லோருக்கும் தெரியும். போர் முடிந்ததும் சோவியத்துகள் அந்த நாடாக்களை மொஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். பல வருடங்களுக்குப் பின்பே அவை திரும்பின.

முழுவதையும் கேட்டால் இன்னொன்று தெரியும். முதலாம் பகுதியில் முரசடி முழுப் பலத்தோடு திரும்பி வரும் இடத்தை ஃபுர்ட்வெங்லர் ஒரு சுவர் இடிந்து விழுவதுபோல் ஆக்குகிறார். கேட்க உடம்பு நடுங்குகிறது. ஆனால் அந்த இடத்தில் வயலினுக்கு இடமே இல்லை. ரோன் மிக நல்ல வாத்தியக்காரர், ஆனால் அவர் கூட்டத்துக்குள்ளிருந்து வந்தவர், கூட்டத்தோடேயே இருக்கிறார். ஒரு தனிமனிதன் கூட்டத்துக்கு எதிரே நின்று பேசுவது இந்த வடிவத்தின் உயிர் என்றால், 1944இல் அந்த உயிர் இல்லை. லார்கெட்டோ மட்டும் அப்படி ஏன் பிடித்துக்கொள்கிறது என்றால் அங்கே எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை; எல்லோரும் சேர்ந்து மௌனமாக இருப்பதே போதும். இதை என் காது கண்டுபிடித்ததா, விபரம் தெரிந்த பிறகு என் மனச்சாட்சி கண்டுபிடித்ததா என்று சத்தியமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

மெனுஹினின் பதிவு இந்தக் கேள்விக்கு நேராகவே வருகிறது. அவர் நியூயோர்க்கில் பிறந்த யூதர். 1945 ஜூலையில் பெஞ்சமின் பிரிட்டனுடன் பெல்சன் முகாமுக்குப் போய், அங்கே உயிர்தப்பியவர்களுக்கு வாசித்தவர். ஃபுர்ட்வெங்லருக்கு எதிராக உலகமே நின்றபோது அவருக்காகப் பேசி, 1947 ஓகஸ்ட் இறுதியில் லூசேர்னில் அவரோடு இந்தக் கொன்சேர்ட்டோவைப் பதிவுசெய்தார். மறுத்த ஹூபர்மன் அதே நாட்டில், அதே வருடம் ஜூன் மாதம்தான் இறந்திருந்தார்.

இது இணக்கத்தின் ஒலிப்பதிவு என்று புகழப்படுவது. புகழ்ச்சியை மறந்துவிட்டுக் கேட்டாலும் நன்றாகவே இருக்கிறது. மெனுஹினின் தொனியில் சூடு இருக்கிறது. வில் சில இடங்களில் தடுமாறுகிறது, ஆனால் அந்தத் தடுமாற்றத்தை அவர் மறைக்கவில்லை. ஃபுர்ட்வெங்லர் 1944ஐவிடச் சாந்தமாக இருக்கிறார். முரசடி திரும்பும் இடத்தில் சுவர் இடிவதில்லை, கதவு திறக்கிறது. கடென்ஸாவில் - பீத்தோவன் வயலினுக்கென்று கடென்ஸா எழுதிவைக்கவில்லை, ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள் - மெனுஹின் கிரைஸ்லர் எழுதியதை எடுக்கிறார். இரண்டு மெட்டுகளை ஒரே வயலினில் ஒன்றன்மேல் ஒன்றாக வாசிக்கவைக்கும் வித்தை அதில் இருக்கிறது. அந்தச் சந்தர்ப்பத்துக்கு அது பொருத்தம்தான். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பொருத்தமாகப் படுகிறது. நடுப்பகுதித் துயரத்தில் இருவரும் சேர்ந்து மிக மெதுவாகப் போகிறார்கள். அழகு. ஆனால் மன்னிப்புக் கேட்பதும் மன்னிப்பதும் ஒரே நேரத்தில் நடந்து முடிந்துவிட்ட மாதிரி ஒரு திருப்தி அதில் இருக்கிறது, அந்தத் திருப்திதான் என்னை உறுத்துகிறது.

உறுத்தியதற்குக் காரணம் பின்னர் வாசித்துத் தெரிந்துகொண்ட ஒரு சம்பவம். லூசேர்னுக்கு ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் இறுதியில், மெனுஹின் பேர்லினிலேயே ஃபுர்ட்வெங்லரோடு இதே கொன்சேர்ட்டோவை வாசித்தார். அப்போது பேர்லினில் டூப்பல் என்ற இடத்தில் ஒரு முகாம் இருந்தது. வதைமுகாம்களிலிருந்து தப்பி, திரும்பிப் போக ஊரில்லாத யூதர்கள் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு உத்தியோகபூர்வப் பெயர் இடம்பெயர்ந்தோர். இந்தச் சொல்லை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவர்களுக்காகவும் ஒரு கச்சேரி வைக்க மெனுஹின் ஒழுங்குசெய்தார். மண்டபம் ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. ஃபுர்ட்வெங்லரோடு வாசித்த கையால் எங்களுக்கு வாசிக்க வேண்டாம் என்று அவர்கள் வராமல் விட்டார்கள். மெனுஹினைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. பிறகு வயலின் இல்லாமல் அந்த முகாமுக்குப் போனார். அப்போது மண்டபம் நிறைந்திருந்தது. அவர் தன் நியாயத்தைச் சொன்னார், கேட்டார்கள். முகாமிலிருந்த பத்திரிகையாளர் ஒருவர் எழுந்து, இடிந்து கிடக்கும் இந்த நகரத்தைப் பார்க்கும்போது நீங்கள் காண்பதும் நாங்கள் காண்பதும் ஒன்றல்ல என்ற கருத்துப்படப் பேசினார். இருவரும் தத்தம் பக்கத்தில் நியாயமாகவே பேசினார்கள். யாரும் யாரையும் மாற்றியதாகத் தெரியவில்லை.

கலை எல்லாவற்றையும் கடந்தது என்று எழுதுபவர்கள் லூசேர்ன் பதிவைக் காட்டுகிறார்கள். அவர்கள் டூப்பல் மண்டபத்தின் வெறும் நாற்காலிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் பக்கத்திலும் இந்த இரண்டு கட்சியும் உண்டு. அந்த மேடையில் ஏறியவனின் பாட்டை இனிக் கேட்கமாட்டேன் என்பவர்களும், சங்கீதத்துக்கு ஏது அரசியல் என்பவர்களும். இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை இருக்கிறது: நல்ல இசை நல்லவர்களிடமிருந்தே வரும் என்பது. முதலாவது கட்சி கெட்டவரின் இசை கெட்டது என்கிறது. இரண்டாவது கட்சி, இசை நன்றாயிருப்பதால் ஆளும் அவ்வளவு கெட்டவரில்லை என்கிறது. 1944இன் லார்கெட்டோ இரண்டையும் பொய்யாக்குகிறது.

என் சொந்தக் கதையை இங்கே சொல்லாமல் விட்டால் நான் ஏதோ மேலே இருந்து தீர்ப்புச் சொல்வதாகிவிடும். 2010இல் நான் யாழ்ப்பாணத்தில் கம்பஸ் இரண்டாம் வருடம். அந்தப் படிப்பு முடியாமலே போனது வேறு கதை. ஒரு திறந்தவெளி இசை நிகழ்ச்சி நடந்தது. யார் ஒழுங்குசெய்தார்கள், மேடைக்கு மின்சாரம் யாருடைய ஜெனறேற்றரிலிருந்து வந்தது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். தெற்கிலிருந்து வந்த குழுவில் ஒரு வயலின்காரர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு நான் போனேன். வயலினைக் கேட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது. அக்கா வீட்டில் இருந்தாள். அத்தானைப் பற்றி ஒரு வருடத்துக்கு மேலாக ஒரு தகவலும் இல்லாத காலம். இரவு திரும்பி வந்தபோது திண்ணையில் இருந்தபடி கேட்டாள்:

"நல்லா வாசிச்சவையோ?"

"ஓம்" என்றேன்.

அது உண்மை. அவர் நன்றாகவே வாசித்தார். அக்கா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்தாள். நான் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் சில வேளை தோன்றுகிறது.

ஆகவேதான் ஹூபர்மனின் பதிவுதான் மேலானது என்று நிறுவிவிட எனக்கு ஒரு காலம் பெரிய ஆசை இருந்தது. மறுத்தவரின் வாசிப்பே மேலானது என்றால் கணக்கு நேராகிவிடும். ஆனால் அந்தத் தட்டும் அவ்வளவு துப்புரவானதல்ல. 1934இல் அவருக்குப் பின்னால் இருந்த வியன்னா பில்ஹார்மோனிக்கைப் பாருங்கள். அதன் முதல் வயலின் ஆர்னோல்ட் ரோசே அரை நூற்றாண்டு அங்கே இருந்தவர். 1938இல் துரத்தப்பட்டு லண்டனில் 1946இல் இறந்தார். அவருடைய மகள் அல்மா 1944இல் அவுஷ்விற்ஸில் இறந்தாள். அக்குழுவின் அப்போதைய தலைவர் ஹூகோ புர்க்ஹவுஸர், ஒரு பாசூன்காரர். 1938க்குப் பின் அவரும் வெளியேறினார். துரத்தப்பட்ட யூத அங்கத்தவர்களில் சிலர் முகாம்களில் மாண்டார்கள். அதே குழுவில் 1942 அளவில் 123 பேரில் 60 பேர் நாஜிக் கட்சிக்காரர். இதில் எத்தனை பேர் அந்த ஜூன் மாதம் ஹூபர்மனுக்குப் பின்னால் ஒரே மேசையில் ஒரே தாளைப் பார்த்து வாசித்தார்கள்? அந்த டி ஷார்ப்பைச் சொல்லும் வயலின்களுக்குள் துரத்தப்போகிறவனும் துரத்தப்படப்போகிறவனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள், ஒரே வில்லோட்டத்தில். எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் பிரித்துக் கேட்க முடியவில்லை. நான் முயன்று பார்த்தேன்.

இன்று யாராவது என்னிடம் ஒன்றைக் கேள் என்றால் ஹூபர்மனைத்தான் கொடுப்பேன். அவர் மறுத்ததற்காக அல்ல, ரொண்டோவுக்காகவும், அழாமல் சொன்ன அந்த நடுப்பகுதிக்காகவும். புஷ் எனக்கு மட்டுமான தட்டு. மெனுஹினை மதிக்கிறேன். ரோனின் லார்கெட்டோவைத் தனியாக இருக்கும்போது கேட்கிறேன்; ஒருவரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த நேரத்தில். இதை ஒரு விமர்சகனின் தரப்படுத்தல் என்று எடுப்பதா வேறெதுவும் என்று எடுப்பதா என்பது வாசகர் விருப்பம்.

முதல் வயலின் நாற்காலியிலிருந்து எழுப்பப்பட்ட சிமோன் கோல்ட்பேர்க்கைப் பற்றி ஒரு குறிப்பு, நாங்கள் இருக்கும் நாட்டோடு சம்பந்தப்பட்டதால். அவர் பியானோக்காரி லிலி க்ராவுஸோடு சேர்ந்து உலகம் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது இருவரும் ஜாவாவில் ஜப்பானியரிடம் அகப்பட்டு 1945 வரை முகாம்களில் கிடந்தார்கள். விடுதலையான பின் லிலி க்ராவுஸ் நியூசிலாந்துக்கு வந்தார், இங்கே குடியுரிமை பெற்றார். புடாபெஸ்ற்றில் பிறந்த அந்தப் பெண் பின்னாளில் உலகமெங்கும் வாசித்தது இந்த நாட்டின் கடவுச்சீட்டோடு. போருக்கு முன் அவர்கள் இருவரும் பதிவுசெய்த மொஸார்ட்டின் சொனாட்டாக்கள் கிடைக்கின்றன, தேடிக் கேட்கலாம்.

அக்கா இப்போது பாரிசில். இங்கே காலையாகும்போது அங்கே முதல்நாள் இரவு. சில மாதத்துக்கு முன் தொலைபேசியில் டூப்பல் முகாமின் கதையை அவளுக்குச் சொன்னேன். வெறும் நாற்காலிகளைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"பிறகு அந்தச் சனம் எங்க போனதுகள்?"

தெரிந்ததைச் சொன்னேன். 1948இல் பேர்லின் முற்றுகையிடப்பட்டபோது, நகரத்துக்குச் சாமான் கொண்டுவந்த விமானங்கள் வெறுமையாகத் திரும்புகையில் அவர்களை ஏற்றிக்கொண்டு போயின, மேற்கு ஜேர்மனிப் பக்கம் அமெரிக்கப் படையின் பகுதிக்கு. டூப்பல் மூடப்பட்டது.

"அங்கயும் முகாமோ?"

"ஓம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, நீ சொல்லுற அந்த மெதுவான பாட்டைப் போடு கேட்பம் என்றாள். நான் மெனுஹினுடையதைப் போட்டேன்.